தோற்றவர்கள் செய்த சத்தியம்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கற்பூரக் கட்டியைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

செவிலிமேட்டில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பதினெட்டு நாற்காலிகள், பதினோரு பேர். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வார்டு தேர்தலில் தோற்ற எங்கள் இயக்கம், இனி இருப்பதா கலைவதா என்று பேசக் கூடியிருந்தது.

வாங்கிய ஓட்டு அறுபத்தொன்று.

அரசாங்கம் ஓரமாக நிற்கட்டும், அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்வார்கள், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது — இதுதான் எங்கள் கொள்கை. படித்தவர்கள் லிபர்டேரியன் என்கிறார்கள். ‘இலவசம் தரமாட்டோம், உங்கள் வேலையில் தலையிடவும் மாட்டோம்’ என்று பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரத் தெருக்களில் பிரசாரம் செய்தோம். தறியில் பாவு நூலைப் பிணைத்தபடியே ஓர் அம்மாள் எங்கள் வேட்பாளரைக் கேட்டார்:

“குடுக்கவும் மாட்ட, கேக்கவும் மாட்ட... அப்புறம் இன்னாத்துக்குமா ஓட்டு?”

அறுபத்தொன்றில் அவர் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் வேட்பாளர் ஸ்டெல்லா. பி.காம். படித்தவர். பட்டுக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு முன்னால், கால்வாய்க்கு மேலே, நிழலுக்காக ஒரு தகர ஷீட். ஆக்கிரமிப்புதான், இல்லையென்று சொல்ல முடியாது. வென்ற கட்சியின் ஆள் ஒருவர் அன்று காலை கடைக்கு வந்திருக்கிறார். ‘எங்க மகளிர் அணிக்கு வந்துடு, ஷீட்டு மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வராவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

ஸ்டெல்லா இதை மறைக்காமல் கூட்டத்தில் சொன்னார். அங்கேதான் வினை.

எங்கள் செயலாளர் வரதன், சின்ன காஞ்சிபுரத்து இன்ஜினீயர், என் மகன் வயது. எழுந்து போய் எவர்சில்வர் தட்டும் கற்பூரப் பொட்டலமும் கொண்டுவந்தார். ஆளுக்கொரு கட்டி ஏற்றி, கையால் அணைத்து, ‘கட்சி மாற மாட்டேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டுமாம்!

“இன்னா சார் இது? நான் கிறிஸ்டின்” என்றார் ஸ்டெல்லா.

“அப்ப பைபிள் எடுத்துக்கினு வரட்டுமா?” — பின்னாலிருந்து ஒரு குரல்.

“கேலி வேண்டாம்ப்பா. கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேணும்” என்றார் வரதன்.

“யாரையும் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு தெருத் தெருவா மைக்கு புடிச்சி கத்தினேனே சார்...”

“இதுல கட்டாயம் இல்லைம்மா. விருப்பப்பட்டுத்தான்.”

“விருப்பம் இல்லைன்னா?”

“இல்லைன்னா... வெளியில போயிடலாம்.”

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எல்லா இயக்கங்களும் இப்படித்தானோ? ஜெயித்துவிடுவோம் என்றிருக்கும்வரை மனிதர்களை நம்புகிறோம். தோற்ற உடனே தாழ்ப்பாளைத் தேடுகிறோம்.

ஒன்பது கைகள் கற்பூரத்தை அணைத்தன. மிச்சம் நான்.

“சார்?” என்றார் வரதன்.

மூட்டு வலி என்று சொல்லி எழுந்துவிட்டேன். கற்பூரம் அணைக்க மூட்டு எதற்கு என்று, நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

ஸ்டெல்லா அந்தக் கட்சிக்கே போய்விடுவாரா? போனால் இந்த இயக்கத்தில் மிஞ்சுவது என்ன — பேச்சும் பிளாஸ்டிக் நாற்காலியும்தானே? மறுநாள் காலை மனசு கேட்காமல் டவுன் பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

ஸ்டெல்லா ஏணிமேல் நின்று, ஸ்பேனரால் ஷீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்! எதிரே பைக்கில் சாய்ந்தபடி அந்தக் கட்சிக்காரர்.

“ஒரு போன் போட்டா முடிஞ்சிடும். எதுக்குமா வெயில்ல ஏறிக்கினு?”

“இன்னிக்கு நான் போன் போட்டா, நாளைக்கு நீ எனக்குப் போடுவியேண்ணா...”

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். ஏணி ஆடியது. அதன் ஒரு கால், கால்வாய் மூடியின் உடைந்த விளிம்பில் நின்றது. ஓடிப்போய்ப் பிடித்தேன். என் வயதில் ஓட்டம் என்றால் கொஞ்சம் வேகமான நடை.

“ஐயோ, நீங்களா சார்? நீங்க வுழுந்துடப் போறீங்க!”

“வேற யாரும் வரலையாமா?”

“குரூப்ல மெசேஜ் போட்டேன் சார். சத்தியம் பண்ண ஒன்பது பேரும் கட்டைவிரல் தூக்கிக் காட்டிக்கிறாங்க.”

“ஷீட்டு இல்லைன்னா அளவு குடுக்க வர்றவங்க வெயில்ல நிக்கணுமே?”

“நிப்பாங்க. இல்ல, பக்கத்துக் கடைக்குப் போவாங்க. ஆனா எவன் கையிலயும் என் குடுமி இருக்காது பாருங்க.”

பிறகு, தலையைக் குனியாமலே கேட்டார்: “கட்சி இருக்குதா சார், இல்லியா?”

“நீ முதல்ல எறங்கும்மா. அப்புறம் பேசலாம்.”

“இல்ல, இப்பவே சொல்லுங்க.”

எண்ணிப் பார்த்தேன்.

“இருக்குதும்மா. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்.”

“அப்ப ஆட்டாம புடிங்க சார்.”