முதல் தூக்கு

எங்கள் கம்பெனி மேனேஜர் துறைமுகக் கொட்டகையில் ஒரு போர்டு மாட்டினார். எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வர ஆரம்பித்த சமயம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவது கம்பெனியின் தொழில். நான் சரக்கை ரோப்பில் கட்டி, அதைத் தூக்கும் விஞ்ச் இயந்திரத்தில் மாட்டிவிடுகிறவன்.

போர்டில் மூன்று வரி. உண்மை பேசு. ஒருவரை ஒருவர் மதி. ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்து, யாரும் நிறுத்தலாம். மேனேஜர் பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர், கிறிஸ்தவர்; கோவிலில் வேதம் வாசிக்கிற மாதிரி வாசித்துக் காட்டினார்.

"நிறுத்துனா கூலியையும் நிறுத்திருவாம்லே" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு எரிச்சலும் வந்தது. சுவரில் எழுதுவதற்கு என்ன செலவு? ஆனாலும் அந்த மூன்றாவது வரி என்னை விடவில்லை. உண்மையிலேயே ஒருவன் நிறுத்தினால் என்ன நடக்கும்? தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

உர மூட்டை ஏற்ற ஒரு கப்பல் வந்தபோது தெரிந்தது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விஞ்ச் ஒரு தடவை தூக்குகிற சரக்கைத் தூக்கு என்போம்; கப்பலின் முதல் தூக்குக்குப் பூமாலை கட்டுவோம். வேதக்காரன் சிலுவை போட்டுக்கொள்வான், மற்றவன் கும்பிடுவான். மேலே போக ஆரம்பித்த முதல் தூக்கு நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் அந்தக் கப்பல் முடிகிறவரை விளங்காது என்பார்கள்.

மாலையை இரும்பு ரோப்பில்தான் சுற்றுவோம். அன்று கப்பலின் மேல்தளத்தில் நின்று நான் சுற்றும்போது உள்ளங்கையில் சுருக்கென்று ஏறியது. பூவை விலக்கிப் பார்த்தேன். ரோப்பின் கம்பிகள் பாதி அறுந்து முள்ளாக நின்றன. கப்பலின் அடித்தளத்தில், அந்தத் தூக்கு போய் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே, மூட்டை அடுக்க எங்கள் ஆட்கள். அதில் ஒருவன் என் மச்சினன். அவன் அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"என்ன அத்தான், பூ கட்டுதியளா, தாலி கட்டுதியளா?"

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரியிடம் ரத்தம் வந்த கையையும் ரோப்பையும் காட்டினேன்.

"ரத்தம் பட்டா நல்லதுதாம்லே. இந்த ஒரு தூக்கு போவட்டும். அப்புறம் மாத்துவோம்" என்றார். தூக்கச் சொல்லி விஞ்சுக்காரனுக்குக் கையும் காட்டிவிட்டார்.

தூக்கு எழும்பியது. ஆள் உயரம்கூடப் போயிருக்காது. இறக்கச் சொல்லும் எங்கள் கப்பல் வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினேன்: "ஆரியா! ஆரியா!"

விஞ்ச் நின்றது. மூட்டைகள் இறங்கின. மேஸ்திரி என் தாயை இழுத்துத் திட்டினார், நானும் பதிலுக்குத் திட்டினேன். கப்பல் அதிகாரி மேலே நின்று குதித்தான். மேனேஜர் ஓடி வந்தார். என் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன்.

அவர் ரோப்பைத் தடவிப் பார்த்தார். "வேற ரோப் கொண்டு வாங்க" என்றார்.

"முதல் தூக்கு சார்" என்றார் மேஸ்திரி.

"போர்டுல முதல் தூக்கு தவிரன்னு எழுதலையே."

எனக்கு ஆச்சரியம். சுவரில் எழுதியது நடந்துவிட்டதே! ஆனால் மத்தியானம் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மச்சினன்கூட "என்ன அத்தான், முதல் தூக்க நிறுத்தி எங்க மானத்த வாங்கிட்டிய" என்று தூக்குச்சட்டியோடு தள்ளிப் போனான். அடுத்த கப்பலுக்கு ஆள் எடுக்கும்போது துறைமுகக் கேட்டில் நின்றேன். ஆள் எடுக்கிறவர் மேஸ்திரிதான். என்னைத் தாண்டி எல்லோரையும் கூப்பிட்டார். அதற்கடுத்த கப்பலுக்கும் அப்படியே.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். "உங்க போர்டு இந்த ரூமுக்குள்ளதான் சார் வேலை செய்யுது. கேட்டுல செய்யல."

"நான் சொன்னா உன்னை எடுப்பாரு. சொல்லவா?"

வேண்டாம் என்றேன். உத்தரவுக்காகச் சேர்த்துக்கொண்டவனோடு எவன் மனசார ரோப் பிடிப்பான்? "அவர்கிட்டயே கேளுங்க சார், ரோப்பையும் பாக்கணும், முதல் தூக்கும் நிக்கக் கூடாது, என்ன செய்யலாம்னு."

மேனேஜர் கேட்டார். மேஸ்திரியிடம் கொட்டகைக்கு நடந்து வந்து கேட்டார். நான் தள்ளி நின்று பார்த்தேன். ஒருவரை ஒருவர் மதி என்ற அந்த இரண்டாவது வரி நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"வெறுந்தூக்காப் போவட்டுமே அண்ணாச்சி, கீழ ஆள் இல்லாம" என்றார் மேனேஜர்.

"வெறுந்தூக்கா? வெளங்கிரும்." மேஸ்திரி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "உப்பு வைப்போம் சார். ஒரு மூட்டை உப்பு. உப்பு வெளையுத நம்மூர்ல அதுக்கு மேல மங்கலம் என்ன இருக்கு? அது ஏறி இறங்குத வரைக்கும் ஒரு பயலும் கீழ நிக்கக் கூடாது."

அடுத்த கப்பலன்று கேட்டில் மேஸ்திரி என்னைக் கூப்பிடவில்லை. மாலையை என் கையில் திணித்தார். "ஏலே, நீயே கட்டு. மொதல்ல ரோப்பத் தடவு."

தடவினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அவசரப்படாமல். ஒற்றை உப்பு மூட்டை காத்திருந்தது. அடித்தளத்தில் யாரும் இல்லை. எல்லோரும் மேல்தளத்தில் ஓரமாக நின்றார்கள். அங்கிருந்து என் மச்சினன் குரல் வந்தது:

"என்ன அத்தான், இன்னுமா தாலி கட்டுதிய?"