இலங்கைக்குப் போன அன்பம்மாள்

சென்ற திங்கட்கிழமை இலங்கையிலிருந்து கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருந்த அன்பம்மாள் காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்த தோழிகளே, உங்களில் பலர் அவளோடு சண்டையிட்டுப் பிரிந்தவர்கள். நானும் எத்தனையோ முறை பிரிந்தேன்.

ஒரு கார்த்திகையில் அக்காளின் பிரசவத்துக்காக முக்கூடல் போயிருந்தேன். சொன்ன நாளில் திரும்ப முடியவில்லை, கடிதமும் போடவில்லை. அன்பம்மாளே புறப்பட்டு வந்துவிட்டாள். ஆற்றில் வெள்ளம். "பைய வடியட்டும்மா, நாளைக்குப் போலாம்" என்று ஓடக்காரர் சொல்லியும் கேளாமல் தண்ணீரில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே நீந்தி வந்து அவளைக் கரைசேர்த்தவர் அவர்தான். நனைந்த சேலையோடு வாசலில் நின்று கேட்டாள்: "ஏளா, என்னை வெறுத்துட்டியா?"

இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. மறுநாள், பிறந்த குழந்தையையே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கோபித்துச் சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

விடுதியில் ஒரு சிறுமிக்கு வாந்திபேதி கண்டபோது நாமெல்லாரும் விலகி நின்றோம். அன்பம்மாள் மட்டும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிறுமி பிழைத்தாள். ஆற்றில் இறங்கியதும் இதே மனம்தானே என்று நினைத்தேன்.

"உயிரைப் பத்தி யோசிக்கவே மாட்டியா?" என்றேன்.

"யோசிக்கதுக்குள்ள செஞ்சிருதேன். பொறவுதான் பயம் வருது."

வைத்தியர் அவளுக்கு நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் கொடுத்தார். கோயில் பாதிரி ஐயர் ஜெபித்தார். எனக்கு இரண்டும் தெரியாது.

தலைமை ஆசிரியை அவளுடைய வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்த அன்றே வேலையை விட்டாள். மூன்று நாள் பழக்கமான ஒரு குடும்பத்தோடு இலங்கைக்குப் புறப்பட்டாள். தூத்துக்குடி வண்டியில் ஏற்றிவிடப் போனேன். முன்பெல்லாம் போகாதே என்று அழுதிருக்கிறேன். அன்று களைத்திருந்தேன், "கவனமா இரு" என்று மட்டும் சொன்னேன். வண்டி நகரத் தொடங்கியபோது ஜன்னலில் முகத்தை வைத்துச் சொன்னாள்: "போவாதேன்னு சொல்லுவியோன்னு பாத்தேன்."

சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து அவள் எழுதிய ஒரே கடிதம் என்னிடம் இருக்கிறது. அதில் கோபம் இல்லை. ஓயாத மழை, பிள்ளைகள் நல்லவர்கள், ஒருமுறை வருவாயா என்று கேட்டிருக்கிறாள். எப்படி எழுதினால் அவளுக்கு வலிக்காது என்று தெரியாமல் பதிலைப் பாதியில் நிறுத்தினேன். அந்தப் பாதியும் அதே உறைக்குள்தான் இருக்கிறது.