எல்லார் மிஷினிலும் இருந்த ஃபோல்டர்

மகிழினிக்குக் கொடுங்கையூர். ஜன்னலைத் திறந்தால் குப்பைமேட்டுப் புகை. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் வேர்க்கடலைத் தோலைக் கீழே போட்டாலும் பொறுக்கச் சொல்லுவாள். திருவொற்றியூரில், கன்டெய்னர் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்னக் கம்பெனியில் ஜாவா வேலை.

புது லேப்டாப்பில் முதல் தடவையாகக் கம்பெனி சாஃப்ட்வேரின் டெஸ்ட்டை ஓட்டினாள். ஏதோ ஒரு கிளாஸ், அதாவது ப்ரோகிராமின் ஒரு துண்டு, கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது.

"என் மிஷின்ல ஓடுதே. என் ஃபோல்டர காப்பி பண்ணி கிளாஸ்பாத்ல போட்டுக்கோ. எல்லாரும் அப்டித்தான்" என்றார் சீனியர் மொஹ்சின். ப்ரோகிராம் துண்டுகளை ஜாவா எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியல்தான் கிளாஸ்பாத்.

"உள்ள இன்னா கீது பாய்?"

"யாருக்குத் தெரியும்? ஓடுதில்ல?"

"ஊர்க் குப்பய எங்க ஏரியால கொட்றது பத்தாதா? எனக்கு வாணாம்."

விடுபட்ட லைப்ரரி எது என்று தேடிப் பிடித்து, பில்டு ஃபைலில் முறையாகச் சேர்த்தாள். டெஸ்ட் ஓடியது. ஓடி, தப்பு என்று சிவப்பைக் காட்டியது. லேசான பெட்டியின் மேல் கனமான பெட்டியை ஏற்றச் சொல்கிறது, சமீபத்தில் எழுதிய ப்ரோகிராம் கோடு.

மொஹ்சின் தன் மிஷினில் ஓட்டிக் காட்டினார். அத்தனையும் பச்சை. "உன்னுதுலதான் கோளாறு."

மகிழினி அவருடைய ஃபோல்டரைத் திறந்தாள். அதே லைப்ரரி இருந்தது. கூடவே கம்பெனியின் சொந்தக் கோடும், போன வருஷம் மூட்டை கட்டிய ஜார் ஃபைலாக. ஒரே பெயரில் இரண்டு இருந்தால், கிளாஸ்பாத்தில் எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் ஜாவா எடுக்கும். அந்த ஃபோல்டர் எல்லார் மிஷினிலும் முன்னால் இருந்தது.

மொஹ்சின் குனிந்து ஜார் ஃபைலின் தேதியைப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளா நாம எத டெஸ்ட் பண்ணிகினு இருந்தோம்?"

"போன வருஷத்துக் குப்பய" என்றாள்.