மகள் ஊர் வெயில்

இன்று மாட வீதியில் காய் வாங்கப் போய்த் தொப்பலாக நனைந்தேன்.

"இன்னாமா, வானம் கருத்துக்கினு கீது, குடை எடுத்தாரலயா?" என்றார் ஆட்டோக்காரர்.

போனைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். நல்ல வெயில் என்றிருந்தது. ஆனால் அது என் மகள் விமானம் ஓட்டப் படிக்கிற ஊரின் வெயில். அவள் போனதிலிருந்து என் போனில் அந்த ஊர்தான்.

இன்று அவள் முதல்முறையாகத் தனியே பக்கத்து ஊருக்குப் பறந்து திரும்பவேண்டும்.

ஆட்டோவில் இருக்கும்போதே கூப்பிட்டாள்.

"இன்னிக்குப் போகலம்மா. இங்க வெயில்தான், ஆனா போற ஊர்ல மேகம் ரொம்பக் கீழ இருக்கு. நானே வேணாம்னுட்டேன்."

அப்பாடா என்றிருந்தது.

"மயிலாப்பூர்ல மழைன்னு என் போன்ல காட்டுதே, குடை எடுத்தியா?"

எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் போனில் எந்த ஊர் வானம்?