மத்திமத்துக்குக் காத்திருந்த வகுப்பு

அந்த இசையாசிரியரின் வகுப்புக்கு ஆறு மாணவரே வந்திருந்தனர் என்று மட்டும் என் ஆய்வறிக்கையில் எழுதினேன். விடுபட்டதைப் பதிவது என் கடமை.

தொண்ணூறுகளில், இலங்கை மலையகத்தின் நமுனுகுலப் பகுதித் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மெலிந்த அவ்வாசிரியர், நனைந்த மழைக்கோட்டைக் கழற்றாமலே ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தார். வரவு பதிய அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏழு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சுரம் கொடுத்திருந்தார். அதைப் பாடுவதே வரவு. தம் சுரம் விடுபடலாகாதென்றே அவர்கள் மழையிலும் ஓடிவந்தனர்.

அன்று ச, ரி, க ஒலித்தன. பிறகு, 'ம' என்னும் மத்திமத்தின் இடத்தில் மௌனம். ஆசிரியர் ஒரு சுர அளவு காத்திருந்து, அடுத்த பிள்ளைக்குத் தலையசைத்தார்.

"சார், பாட்டுக்கு முன்பல்லு விழுந்துருச்சு!" என்றாள் 'ரி' பாடிய சிறுமி. எல்லோரும் சிரித்தனர், அவரும் சிரித்தார்.

"மத்திமம் எங்கை, மாஸ்டர்?" என்றேன்.

"கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிட்டாங்கய்யா. மூணு மாசமாச்சு."

"அதை வேறை பிள்ளைக்குக் குடுக்கலாமே?"

"குடுத்துட்டா, அவ திரும்பி வந்து எதைங்க பாடுவா?"

பிள்ளைகள் கலைந்தபின், வெறும் வகுப்பறையில் அவர் அந்த ஒரு சுரத்தையே வாசிப்பது, நான் பேருந்துக்கு நின்ற இடம்வரை கேட்டது.

அவள் திரும்பவில்லை என்றே இன்றுவரை எண்ணியிருக்கிறேன். அது பிழையாயின், அறிந்தோர் தயைகூர்ந்து திருத்துக.