கொழுப்பு தடவாத காலணி

ஊசி தோலை முழுக்கத் துளைக்கவில்லை. பாதித் தடிமன் வரை இறங்கி, பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தது. விரல்கள் நரம்பு நூலை இழுத்து இறுக்கின. கட்டைவிரல் கிண்ணத்துக்குப் போய், சீல் என்னும் கடல்விலங்கின் கொழுப்பைத் தொட்டுத் தையல்மேல் பூசியது.

முப்பது வருடமாக இப்படித்தான். வடக்கே பனிக்கடலோரத்தில், உபர்னவிக் ஊர்ப்பக்கத்துத் தீவுகளில், தோபியாசினா தைத்த காலணிக்குள் தண்ணீர் புகுந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. கடலில் மூழ்கிச் செத்தவனுக்குக்கூடக் கால் மட்டும் நனையவில்லை என்று கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

இந்த ஜோடி தம்பி ஏனோக்குக்கு. எதிரே, ஆளில்லாத பாறைத் தீவில் அவனுடைய பதினோரு நாய்கள் இருந்தன. கோடையில் அவை இழுக்கும் பனிவண்டிக்கு வேலை கிடையாது. எல்லாரையும் போல அவனும் அவற்றை அங்கே விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் மீன் கொண்டுபோய்ப் போடுவான். இந்தமுறை காற்று பனிப்பாளங்களைத் தள்ளிவந்து வழியை அடைத்துவிட்டது. பத்தொன்பது நாள். முதலில் பதினோரு குரலும் கேட்டது. பிறகு ஒன்பது. நேற்று ஐந்து. அந்த ஐந்தும் முன்பைவிடத் தெம்பாக ஊளையிட்டன.

காலையில் பனி விலகியது, மாலைக்குள் மூடிவிடும். படகில் இருந்தபடியே மீனை வீசிவிட்டு வரச் சொன்னாள். வலுத்ததுதான் தின்னும், இளைத்ததையும் சேர்த்துத் தின்னும், இறங்கித்தான் பங்கு வைக்கவேண்டும் என்றான் ஏனோக். பழைய காலணியில் கொழுப்பு ஊறிக் கிடந்தது. அந்த வாசனையோடு இறங்கக்கூடாது என்றுதான் இந்தப் புதுஜோடி.

"என்னைத் தின்னாதுக்கா. வெறும் எலும்பு, அதுங்களுக்கே தெரியும்."

"நிக்கிற வரைக்கும்தான் நீ எசமான். வழுக்கி விழுந்தா?"

அவன் படகைத் தள்ளப் போனான்.

தைத்து முடித்த காலணியைத் தரையில் வைத்தாள். வீட்டு நாய்க்குட்டி வந்து முகர்ந்தது. தையலை நக்கியது, பிறகு கடித்தது. பிடுங்கப் போனால் அவளைப் பார்த்தே உறுமியது. அப்போதுதான் தோபியாசினா கொழுப்புக் கிண்ணத்தைப் பார்த்தாள். எதற்காகப் புதிதாய்த் தைக்க உட்கார்ந்தாளோ, அதையே கை பழக்கத்தில் கெடுத்திருந்தது. வயிறு நிறைந்த குட்டிக்கே இப்படி.

தையலைப் பிரித்தாள். கொழுப்பு ஊறிய விளிம்பைக் கத்தரித்து எறிந்தாள். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கரையிலிருந்து ஏனோக் இரண்டுமுறை கூப்பிட்டான். தண்ணீர் புகும் என்று தெரிந்தே, வறண்ட நூலை அவசர அவசரமாக ஓட்டினாள்.

படகருகே அவன் தையலைத் தடவிப் பார்த்தான்.

"ஒழுகுமேக்கா. நீயா தச்ச?"

"ஒழுகட்டும். வெறச்சுப்போன காலைத் தேச்சுவிட எனக்குத் தெரியும். கால் திரும்பி வரணும்."

காலணி இரண்டையும் அவன் கையில் வைத்தாள்.