புளி போட்டு மினுக்கிய துவக்கு

தர்மராசாவிடம் நாலு துவக்கு, நிஜத் துப்பாக்கி, இருக்கிறது என்று சொன்னால் எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா சப்பேலில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். மற்றப் பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்ச் சொல்லிவிடுவார்கள். அதனால் இவ்வளவு காலமும் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே இது எனக்குச் சின்ன வேலை இல்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், அவனைப் போல ஒரு மனிதனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நான் ஸ்ரீஸ்கந்தராசா. மெற்றோவுக்குக் கிட்டப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். தர்மராசா வன்னியில் சண்டை முடிந்த பிறகு இங்கே வந்தவன். பிரெஞ்சுக்காரரின் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அதே குசினியில் சமைக்கிறான். வீடு புறநகரில், கார்ஜ் லே கொனெஸில். வேலை முடிந்து ரயிலேறப் போகும் வழியில் என் கடைக்குள் எட்டிப் பார்க்காமல் போகமாட்டான்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான பொதி ஒன்றோடு வந்து நின்றான்.

"என்னடாப்பா, முருங்கைக்காய் மலிவா அம்பிட்டுதோ? எனக்கும் கொஞ்சம் தந்திட்டுப் போ," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் விரிப்பின் ஒரு பக்கத்தை விலக்கினான். உள்ளே இரும்புக் குழாய் தெரிந்தது. எனக்குச் சர்வாங்கமும் குளிர்ந்துவிட்டது.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. நூற்றைம்பது வருசப் பழசு. கிறா எண்டு பேர், அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஆமிக்காரன் வைச்சிருந்த துவக்கு. இவ்வளவு பழசை இஞ்சை ஆரும் வீட்டிலை வைச்சிருக்கலாம், சட்டம் விடுகுது."

"சட்டம் கிடக்கட்டும். உனக்கென்ன விசரோ? துவக்குச் சத்தம் கேட்டு ஓடி வந்தனீ, இப்ப துவக்கைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறாய்."

அவன் அரிசி மூட்டையில் உட்கார்ந்து கதையைச் சொன்னான். அவனுடைய முதலாளி பழைய கதிரைகள் வாங்குவதற்காக அவனை ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வீட்டில் வேண்டாததை எல்லாம் தெருவில் பரப்பி விற்கும் சந்தை. ஒரு வெள்ளைக்கார அம்மா தையல் மெஷினுக்கும் ஊஞ்சல் குதிரைக்கும் நடுவில் இந்தத் துவக்கைச் சாத்தி வைத்துவிட்டு, பாண் தின்றுகொண்டிருந்தாராம்.

"அந்த மனிசி தன்ர கைப்பையை எங்கை கொழுவியிருந்தவ தெரியுமோ அண்ணை? துவக்கின்ர வாயிலை. பிள்ளையள் வந்து தொட்டுப்போட்டுப் போகுதுகள். ஒருத்தரும் அதைப் பாத்துப் பயப்பிடேல்லை. துவக்கும் கிழடாகி இப்பிடிச் சும்மா நிக்கும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். நான் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டனோ தெரியாது, முதலாளி வந்து தோளிலை தட்டினவர்."

பிறகு மெதுவாகச் சொன்னான். "என்ர மனிசியும் ஒருநாள் இப்பிடி ஒரு துவக்குக்குப் பக்கத்திலை பயமில்லாமல் நிக்கவேணும். எனக்கு அதுதான் ஆசை."

நான் விரிப்பை இழுத்துத் துவக்கை மறுபடி மூடிவிட்டேன்.

அவன் மனைவி திலகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தங்கமான பிள்ளை. அவளுடைய இடது தோளில் எடுக்க முடியாத இரும்புத் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. யூலை பதினாலாம் திகதி இந்த நாட்டுக்காரர் வாணம் விட்டுக் கொண்டாடும்போது குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிடுவாள். அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு இவன் துவக்கைக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? விரிப்பை அவிழ்க்கும் முன்பே அவள் உடுப்புப் பையை எடுத்துவிட்டாள். "அது வீட்டுக்குள்ளை வந்தால் நான் ஆர்ஜொந்தெய்க்கு அக்கா வீட்டை போறன்" என்று ஒரே ஒரு வசனம்தான் சொன்னாளாம். அவன் மறுபேச்சுப் பேசாமல் துவக்கைக் கீழே கொண்டுபோய்விட்டான்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன நிலவறை உண்டு. அங்கேதான் அவனுடைய துவக்குகள் குடியிருந்தன. ஒன்று நாலானது. எல்லாம் அதே வயதுப் பழசுகள். வேறு ஆளாக இருந்தால் மனைவியைத் திட்டியிருப்பான், அல்லது துவக்கை விற்றிருப்பான். இவன் இரண்டையும் செய்யாமல், வேலை இல்லாத நாட்களில் கீழே இறங்கி அவற்றுக்கு எண்ணெய் பூசிக்கொண்டும், மேலே ஏறி மனைவிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டும் இருந்தான்.

ஒருமுறை என்னையும் கீழே கூட்டிப் போனான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் போனேன். மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, பருத்திக் கையுறை போட்டு, அந்த முதல் துவக்கை எடுத்து வைத்தான். தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல மரத்தில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தான். எங்காவது துருவேறிப் புதுக் கறள் தெரிந்தால் செப்பு நிறச் சில்லறைக் காசு ஒன்றின் விளிம்பால் மெல்லச் சுரண்டினான். சட்டி தேய்க்கும் கம்பித் தும்பை அந்த அறைக்குள்ளேயே விடமாட்டானாம். சுடும் பகுதியைக் கழற்றிப் பால்மா டின்னுக்குள் வேறாக வைத்திருந்தான். தோட்டா என்று ஒன்றை இவன் கையால் தொட்டதே இல்லை.

"இதிலை கையை வைச்சுப் பாருங்கோ," என்று மரத்தில் ஓரிடத்தைக் காட்டினான். இடது கை பிடிக்கிற இடம். அங்கே மரம் குழிந்து வழுவழுவென்று இருந்தது. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியன், பெயரும் தெரியாது ஊரும் தெரியாது, அவனுடைய கை தேய்த்த குழி. என் பெருவிரல் அதில் அப்படியே போய் உட்கார்ந்தது. சிரிக்கப் போனவன் கோவிலுக்குள் நிற்பவன் மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வெளிக்கிடும்போது கைதவறி இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டேன். அவ்வளவுதான், அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இரும்பை வெறுங்கையாலை தொடாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான். வேர்வை உப்பு அண்ணை, உங்கடை விரல் அடையாளம் அப்பிடியே கறளா நிக்கும்," என்று எண்ணெய்த் துணியை எடுத்து நான் தொட்ட இடத்தைத் துடைத்தான். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் குழாயின் நிறத்தைப் பார்த்தபோது கோபம் நிற்கவில்லை. முற்றிய புளியங்கொட்டையின் கபில நிறம். பூசிய நிறத்தின் மேல் நூற்றைம்பது வருடம் ஏறி அப்படி ஆனது என்றான். பழைய ஆயுதம் சேகரிப்பவர்களுக்கு அந்த நிறம்தான் உயிர். அது போனால் திரும்ப வராது. அவர்களுடைய சங்கத்தில் மூத்தவர் ரெனே, ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அவர் இந்தத் துவக்கைப் பார்த்துவிட்டு, நவம்பர் மாதக் கண்காட்சியில் முன்மேசையில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சங்கத்தில் இருக்கும் ஒரே தமிழன் தர்மராசாதான், அதனால் அவன் கால் தரையில் படவில்லை.

போன புரட்டாதியில் அவனுக்கு முதுகு போய்விட்டது. எத்தனை வருடம் பெரிய சட்டிகளைத் தூக்கினவன். ஆசுபத்திரியில் வெட்டிச் சரிப்படுத்தி, சில கிழமைகள் படுக்க வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மழை விடாமல் பெய்தது. நான் பார்க்கப் போனபோது அவன் தன் முதுகைப் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணை, நிலவறைச் சுவரெல்லாம் ஊறியிருக்கும். ஒருக்காப் போய் எண்ணெய் பூசி விடுவீங்களோ?"

"நான் துவக்குத் தூக்கமாட்டன் ராசா. என்னைப் பிடிச்சு உள்ளை போட்டாங்களெண்டால் கடையை ஆர் பாக்கிறது?" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கட்டிலுக்கு மற்றப் பக்கத்தில் திலகம் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டொரு நாளில் அவள் கடைக்கு வந்து பழப்புளிக் கட்டி ஒன்று எடுத்தாள். நவராத்திரி வருகிறது, விளக்கு மினுக்கவோ என்று கேட்டேன். "ஓம் ஸ்ரீ அண்ணை, மினுக்கத்தான்," என்றாள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆசுபத்திரியில் துண்டு வெட்டி அனுப்பிய அன்று என்னுடைய வான் வண்டியில்தான் தர்மராசாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவு திறந்தது. சாமித்தட்டுக்குக் கீழே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி, அந்த முதல் துவக்கு.

கபில நிறம் போன இடம் தெரியவில்லை. குழாய் புதுச் சருவச்சட்டி மாதிரிப் பளபளத்தது. திலகம் கீழே போய் அதைத் தூக்கி வந்து, புளி பூசி, கம்பித் தும்பால் உரஞ்சி, சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, நடுவில் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்திருந்தாள். எங்கள் வீடுகளில் ஒரு பொருளுக்குச் செய்யக்கூடிய மரியாதை எல்லாவற்றையும் அவள் குறைவிடாமல் செய்திருந்தாள்.

நான் விரலால் தொட்டதற்கே குதித்தவன். இந்த மனிதன் இப்போது என்ன செய்யப் போகிறான் என்று நினைத்து, வானுக்குப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

தர்மராசா கைத்தடியோடு நின்று அதையே பார்த்தான். முகத்தில் இரத்தம் இல்லை.

"ஆர் இதைச் செய்தது?"

"நான்தான். கறளெல்லாம் பிடிச்சுக் கிடந்தது. எல்லாம் போயிட்டுது," என்றாள் திலகம்.

"வெறுங்கையாலையோ தொட்டனீர்?"

"பின்னை? தொடாமல் எப்பிடி மினுக்கிறது?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரியத் தொடங்கியிருந்தது. அவன் துவக்கை விட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"பயமா இருக்கேல்லையோ?"

"கீழை இருந்து தூக்கேக்கை கை நடுங்கினதுதான். படியிலை ரெண்டு மூண்டு தரம் இருந்திட்டன். வீசிப்போட்டு ஓடுவமோ எண்டும் வந்தது. பிறகு மடியிலை வைச்சுத் தேய்க்கத் தேய்க்க, விளக்குத் தண்டு மாதிரித்தான் கிடந்தது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் அங்கை படுத்துக்கொண்டு இதையே யோசிச்சனீங்கள். அதுதான்."

தர்மராசா கதிரையில் மெல்ல உட்கார்ந்து அழுதான். நிறம் போனதற்கான அழுகை இல்லை அது. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல நின்றேன். அவன் அவளிடம் அந்த நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வடிவாச் செய்திருக்கிறீர்," என்று மட்டும் சொன்னான். துவக்கு அன்றிலிருந்து மேலேதான் இருக்கிறது.

கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோகமாட்டான் என்றுதான் நினைத்தேன். கொண்டுபோனான். திலகமும் பச்சைச் சேலை உடுத்திக்கொண்டு கூட வந்தாள். முதுகுக்காரனைத் தனியே விடக்கூடாது என்று நான் வானை எடுத்தேன். மண்டபம் நிறைய மேசைகள். மேசை நிறையத் துவக்குகள். அவ்வளவு துவக்குகளுக்கும் நடுவில் திலகம் கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி, ஆனால் நிற்காமல், நடந்து வந்தாள். ஒவ்வொரு அடியையும் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

தர்மராசா முன்மேசையில் துவக்கை வைத்தான். பொட்டைக்கூட அழிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ரெனே மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு பிரெஞ்சில் படபடவென்று சொன்னார். இதை நாசமாக்கியது யார், நூற்றைம்பது வருடத்தைச் சுரண்டி எறிந்துவிட்டார்களே, இனி இது முன்மேசைக்கு மட்டுமல்ல, எந்த மேசைக்கும் உதவாது, தனக்கே நெஞ்சு வலிக்கிறது என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை.

திலகத்துக்குக் கடைப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். "என்னவாம்?" என்று கணவனைக் கேட்டாள்.

தர்மராசா ரெனேயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஆர் மினுக்கினது எண்டு கேக்கிறார். இப்பிடி ஒரு வேலையைத் தான் இவ்வளவு நாளும் கண்டதில்லையாம்."

எனக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும். வாழ்க்கையில் இரண்டாவது முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். திலகம் வெட்கப்பட்டுக் கீழே பார்த்தாள். பிறகு கைப்பையை மேசையில், துவக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"அப்ப கீழை கிடக்கிற மற்ற மூண்டையும் மேலை கொண்டுவாங்கோ. புளி இன்னும் கிடக்கு, மினுக்கித் தாறன்."

செப்புக் காசால் சுரண்டிச் சுரண்டி அந்த மூன்றின் நிறத்தையும் இத்தனை வருடம் காத்தவன், இரும்பில் என் வெறுங்கை படவிடாதவன், மேசையில் இருந்த அந்தக் கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம்," என்றான். "நாளைக்கே கொண்டுவாறன்."